மச்சாள் வருகிற சம்மர்

இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாளைக்கு வாயைத் திறக்காமல், கறியில் உப்புக் கூடாமல், போனில் யாரோடும் சிரித்துக் கதைக்காமல் இருந்துவிட்டால் போதும். பிறகு மச்சாள் வந்துவிடுவா. மச்சாள் வந்துவிட்டால் முப்பத்தைந்து நாளைக்கு அடி இல்லை.

நிருஷா குசினி நாட்காட்டியைப் பார்த்தபடி இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள். தேயிலை போட்டுக் கொதிக்கவிட்ட தண்ணீர் அடுப்பில் பாதியாக வற்றியிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

கொழும்பில் சம்மர் என்று ஒரு பருவம் கிடையாது. சித்திரையில் வெயில், வைகாசியில் மழை, ஆனி ஆடியில் உப்புக் காற்றும் புழுக்கமும், அவ்வளவுதான். ஆனால் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் அந்த ஒழுங்கையின் நான்காம் மாடி வீட்டில் சம்மர் இருந்தது. வீடு அவளுடைய மச்சாள், புருஷன் கஜீவனின் அக்கா ஜெகதீஸ்வரியுடையது. அவர் ரொறன்ரோவில் இருந்தார். ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்க வந்து இறங்குவார், ஆவணியில் திரும்பிப் போவார். அவருடைய அறை மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். அடுத்த அறையில் கஜீவனும் நிருஷாவும் ஆறு வருடமாக, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களாக, இருந்தார்கள்.

பிழைப்பும் சம்மரோடுதான். அக்கா வாங்கிக் கொடுத்த வான் வண்டியில் கஜீவன் வெளிநாட்டுச் சனத்தை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வருவான், நல்லூர்த் திருவிழாவுக்குக் கொண்டுபோவான். நிருஷா வீட்டிலிருந்து பிளவுஸ் தைத்தாள். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற பெண்கள் காலி வீதிக் கடைகளில் சேலையை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம்தான் வருவார்கள். மூன்று நாளில் வேண்டும் என்பார்கள். அவள் அளவு எடுக்கும்போது தங்கள் ஊர்ப் பனியைப் பற்றிக் கதைப்பார்கள். அளவெடுக்கிறவள் ஏன் இந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாள் என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

தேத்தண்ணியை ஹோலுக்குக் கொண்டுவந்து வைத்தாள். கஜீவன் விடியற்காலையில் போய் ஒரு குடும்பத்தை ஏற்றி இறக்கிவிட்டு வந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்தது, அந்தக் குடும்பம் அவனைத் 'தம்பி' என்று கூப்பிடாமல் 'டிரைவர்' என்று கூப்பிட்டிருக்கிறது. பெட்டிகளை அவனையே தூக்க வைத்திருக்கும். அவன் ஒரு மிடறு குடித்தான். கோப்பையை மெதுவாக வைத்தான். எழுந்து குசினிக்குள் போனான்.

"நிருஷா, இஞ்ச ஒருக்கா வா."

அவன் ஒருநாளும் சத்தமாகக் கூப்பிடுவதில்லை. அந்த மென்மைக்குத்தான் அவள் பயப்படுவாள்.

ஹோலின் மூலையில், சாமிப்படங்களுக்கு மேலே, முட்டையளவில் ஒரு வெள்ளைக் கமரா இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்திய சம்மரில் ஜெகதீஸ்வரி பூட்டுவித்தது. "வீட்டை ஒருக்காப் பாத்தால்தான் எனக்கு அங்க மனம் ஆறும்" என்றார். அன்றிலிருந்து கஜீவன் ஹோலில் வைத்து அவளைத் தொட்டதில்லை. அடிக்க வேண்டுமென்றால் கமராவின் கண்ணுக்கு எட்டாத குசினிக்குக் கூப்பிடுவான். அதனால் நிருஷா தன் சீவியத்தையே ஹோலுக்கு நகர்த்திவிட்டாள். தையல் மெசின் அங்கே. சாப்பாடு அங்கே. வெக்கை தாங்கவில்லை என்று சொல்லிப் பாயும் அங்கேதான் விரித்தாள். தனியே இருக்கும்போது சில நேரம் அந்த வெள்ளை முட்டையை நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள். மச்சாளுக்கு மட்டும் தெரிந்தால், என்று நினைப்பாள். தெரிந்தால் விடமாட்டா. தம்பியென்றும் பாராமல் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பா. சொல்லத்தான் வாய் வருகுதில்லை.

"தேத்தண்ணி ஏன் கசக்குது?" என்று கஜீவன் கேட்டான்.

"தண்ணி வத்திப்போச்சு. வேற போட்டுத் தாறன்."

"வத்தும் வரைக்கும் ஆரை நினைச்சுக்கொண்டு நிண்டனி?"

பின்னந்தலை மயிரை முறுக்கிப் பிடித்து முகத்தை அடுப்பருகே கொண்டுபோனான். அடுப்பு அணைந்திருந்தாலும் இரும்புச் சட்டத்தின் சூடு கன்னத்தில் எறித்தது. மற்றக் கையின் முட்டி விலாவில் இறங்கியது. ஒன்று. இரண்டு. அவன் மூச்சு வாங்காமல் அடிப்பான், தோட்டத்தில் கிடங்கு வெட்டுகிறவனைப் போல, அளவாக. அடி விழும் நேரங்களில் அவள் மனதுக்குள் யாராவது ஒரு வாடிக்கைக்காரியின் அளவைச் சொல்லத் தொடங்குவாள். தோள் பதினாலரை. கை ஒன்பது. கழுத்து முன்பக்கம் ஆறே முக்கால். அன்றைக்குக் கழுத்தின் பின்பக்க அளவு நினைவுக்கு வராமல் தடுமாறியபோது, "அம்மா" என்று கத்திவிட்டாள்.

அவனுடைய போன் அடித்தது.

மயிரிலிருந்து கை விலகியது. அவன் திரையைப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தான். "ஓம் அக்கா... இல்லை, இப்பத்தான் வந்தனான்... ஏசிக்காரன் நாளைக்கு வாறனெண்டவன்... ஓம் ஓம், பாக்கிறன்." கதைத்துக்கொண்டே ஹோலுக்குப் போய், கமராவுக்கு நேரே கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அமர்ந்தான்.

நிருஷா குசினித் தரையில் இருந்தபடி கதிர்காமத்து முருகனுக்கு நன்றி சொன்னாள். இப்படி முன்னரும் நடந்திருக்கிறது. அடி உச்சத்துக்குப் போகும்போது சரியாக ரொறன்ரோவிலிருந்து போன் வரும். ஏதாவது ஒன்றுமில்லாத கேள்வி. தண்ணித் தாங்கி, ஏசி, யன்னல் சீலை. அதைத் தன் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தாள்.

மத்தியானம் எதிர்வீட்டு ஷபீகா ஒரு தட்டில் வட்டிலப்பம் கொண்டுவந்தாள். அந்த மாடியில் எல்லாரும் கடற்காற்றுக்காக இரும்புக் கேட்டைப் பூட்டிவிட்டு மரக்கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். கேட்டுக் கம்பிக்குள்ளால் தட்டை நீட்டியவள் உடனே போய்விடவில்லை.

"புள்ள, காலைல உங்கட வீட்டுல என்னமோ சத்தம்."

"ரீவி அக்கா."

"எங்கட வீட்டு ரீவியில அப்பிடி நல்ல படம் ஒண்டும் வாறல்லயே" என்றாள் ஷபீகா. அவள் சிரிக்கவில்லை. "ராவோ பகலோ, கதவத் தட்டுங்க. நான் வீட்டுலதான் ஈக்கேன்."

நிருஷா தட்டை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். ஷபீகா மேல் அவளுக்குக் கோபம் வந்தது. ஏன் என்று யோசித்தபோது கூச்சமாக இருந்தது. கேட்டவளுக்கு இனிப் பதில் சொல்ல வேண்டுமே, அதுதான். அடியை அவள் தன் நாட்களுக்குள் ஒழுங்காக மடித்து வைத்திருந்தாள். எது எந்த நேரம், எந்தக் காலடிச் சத்தத்துக்கு எந்த முகம், எத்தனை நாளில் நீலம் மஞ்சளாகும், எல்லாம் அவளுக்குப் பாடம். வேறொருத்தி வந்து அந்த மடிப்பைப் பிரித்துப் பார்ப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

ஒன்பது நாளும் போனது. இடையில் இரண்டு தரம் அடி விழுந்தது. ஒன்று, அவள் ஒரு வாடிக்கைக்காரியின் கணவனுக்கு வணக்கம் சொன்னதற்கு. மற்றது எதற்கென்று அவளுக்கு இப்போதும் தெரியாது.

ஜெகதீஸ்வரி வந்து இறங்கியபோது வீடு நிறைந்துவிட்டது. ஐம்பத்தைந்து வயது, பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. வாசலிலேயே நிருஷாவைக் கட்டிப்பிடித்தார். விலா நொந்தாலும் நிருஷா அந்தப் பிடிக்குள் கொஞ்ச நேரம் நின்றாள்.

"என்ன பிள்ளை, தும்புத்தடி மாதிரிப் போயிட்டாய்? இவன் உனக்குச் சோறு போடுறேல்லையோ?"

"அவ டயட்டாம் அக்கா" என்றான் கஜீவன். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, வெளியாட்களின் பெட்டியைத் தூக்குவதுபோல் அல்லாமல், குதூகலத்தோடு.

"டயட்டோ? கனடாவில எனக்குத்தான் டொக்டர் டயட் சொன்னவன். அவனையே மாத்திப்போட்டன்."

மூவரும் சிரித்தார்கள். நிருஷாவுக்கும் சிரிப்பு உண்மையாகவே வந்தது. அன்று மாலை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் கஜீவன் இருவரையும் கடற்கரை வீதிக்குக் கூட்டிக்கொண்டுபோய் இறால் வடை வாங்கித் தந்தான். அக்காவுக்கு முன்னால் அவன் நல்ல புருஷன். "நிருஷா, உனக்கு உறைக்குமே?" என்று கேட்டு, மிளகாய் குறைந்த வடையைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அவள் அதைத் தின்றபோது அவனை ஏறக்குறைய விரும்பினாள். முப்பத்தைந்து நாளைக்கு இப்படி இருக்கத் தெரிந்தவனுக்கு மற்ற நாட்களில் ஏன் தெரியவில்லை? தெரியாமல் இல்லை. தெரியும். அந்த நினைப்பு வந்ததும் மிச்ச வடையைக் கடதாசியில் சுற்றி வைத்தாள்.

மூன்றாம் நாள் ஆடிப்பிறப்பு. ஜெகதீஸ்வரி ரொறன்ரோவிலிருந்து ஓடி வருவதே அன்றைய கூழுக்காகத்தான் என்பார். கஜீவன் காலையிலேயே விமான நிலையம் போய்விட்டான். நிருஷா பயறு வறுத்து அவித்து, அரிசிமாவைக் கரைத்து, தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்துக் குசினியில் துழாவிக்கொண்டிருந்தாள். கூழ் கட்டிபடாமல் இருக்கக் கையை எடுக்காமல் துழாவ வேண்டும். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஜெகதீஸ்வரி குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு தேங்காய்ச் சொட்டை மென்றபடி இருந்தார்.

"இந்தச் சத்தம்தான் பிள்ளை" என்றார் திடீரென்று. "அகப்பை சட்டியில முட்டுற இந்தச் சத்தம். அங்க ஸ்னோ கொட்டேக்கை, வேலையால வந்து கட்டில்ல படுத்துக்கொண்டு போனில உங்கட சத்தத்தைப் போட்டுவிடுவன். நீ மிக்சி அடிக்கிறது கேக்கும். குக்கர் கூவுறது கேக்கும். கீழ மாத்தறை ரெயின் போறதுகூடக் கேக்கும். அதோடயே நித்திரையாப் போயிடுவன்."

நிருஷா துழாவிக்கொண்டே இருந்தாள். "எந்தப் போனில மச்சாள்?"

"கமராவிலதான். அதில படத்தோட சத்தமும் வருமெல்லே. நல்ல சாமான், விலைக்கேத்த மாதிரி."

"குசினிச் சத்தமும் வருமோ?"

"ஊசி விழுந்தாலும் வரும்."

கூழ் கொப்புளித்து ஒரு துளி அவள் மணிக்கட்டில் தெறித்தது. அவள் துடைக்கவில்லை. கமரா பார்க்கும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், கஜீவனும் நினைத்திருந்தான். அது கேட்கும் என்பதுதான் ஆறு வருடக் குடித்தனத்தில் அந்த இருவருக்கும் ஒன்றாகத் தோன்றாமல் போன ஒரே விஷயம். இரண்டு வருடம். அவளுடைய "அம்மா" எல்லாம் ரொறன்ரோவில் ஒரு தலையணைக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. மிக்சிச் சத்தத்துக்கும் ரெயின் சத்தத்துக்கும் நடுவில்.

"அப்ப மற்றச் சத்தமும் கேட்டிருக்கும்" என்றாள் நிருஷா. அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜெகதீஸ்வரியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் போன் எடுத்தனான்தானே" என்றார்.

நிருஷா திரும்பினாள்.

"கேக்கேக்கை எல்லாம் எடுத்தனான் பிள்ளை. ஏசியைக் கேட்டன், தாங்கியைக் கேட்டன். அவன் போனைத் தூக்கினால் உன்னை விடுவான்தானே. எத்தினை தரம் எடுத்திருப்பன்!"

"எல்லா நாளும் எடுக்கேல்லை."

"எனக்கும் அங்க வேலையெல்லே. ஷிப்ட். நித்திரை." அவர் குரல் உடைந்தது, அது நடிப்பில்லை. "உனக்கு அவனைத் தெரியாது. நான் தொண்ணூற்றஞ்சில இஞ்சால வந்து, பேந்து வெளிநாடு போகேக்கை அவனுக்கு எட்டு வயசு. அவன்தான் அம்மாவோட நிண்டவன். முள்ளிவாய்க்கால் வரைக்கும் அம்மாவைச் சுமந்துகொண்டு போனவன். செத்த அம்மாவைப் புதைச்சதும் அவன் தனியத்தான். நான் அங்க ஹீட்டருக்குப் பக்கத்தில இருந்தனான். நான் எந்த வாயால அவனை ஏசுறது, சொல்லு?"

நிருஷாவுக்கு அது விளங்கியது. விளங்கியதுதான் கொடுமை. இந்த மனுசி தம்பிக்குக் கொடுக்க வேண்டிய கடனுக்கு வீடு கொடுத்தார், வான் கொடுத்தார். அதெல்லாம் போதாமல் அவளையும் கொடுத்திருக்கிறார். கலியாணத்துக்குக் கொட்டாஞ்சேனையில் தாயும் தகப்பனும் இல்லாத, கேட்க ஆளில்லாத ஒருத்தியைத் தேடிப் பிடித்தது ஜெகதீஸ்வரிதான். "சீதனம் ஒண்டும் வேண்டாம், பிள்ளை நல்ல பிள்ளையாய் இருந்தால் காணும்" என்று பெருந்தன்மையோடு சொன்னதும் அவர்தான். அன்று நிருஷா அவருடைய காலில் விழுந்து கும்பிட்டாள்.

"கூழ் அடிப்பிடிக்குது" என்றார் ஜெகதீஸ்வரி.

அவள் அடுப்பை அணைத்தாள்.

கஜீவன் மத்தியானம் வந்தான். ஜெகதீஸ்வரி கூழைத் திரும்பச் சூடாக்கி அவனுக்குக் கோப்பையில் வார்த்துக் கொடுத்தார். நிருஷா மெசினில் இருந்தாள்; ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. தான் கேட்டதால் மச்சாளின் மனம் இளகியிருக்கும் என்று அவளுக்குள் ஒரு மூலை இன்னும் நம்பியது. உண்மையில் இளகித்தான் இருந்தது. அதனால்தான் ஜெகதீஸ்வரி அதைச் சொன்னார், ரீவியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிற தொனியில்.

"தம்பி, நீயும் கொஞ்சம் கையைக் காலை அடக்கு என்ன. அக்கம்பக்கம் கேக்கும். அவளும் பாவம், மனம் நொந்துபோய்க் கதைக்கிறாள்."

கஜீவன் கூழைக் குடித்து முடித்தான். கோப்பையின் அடியிலிருந்த பயறைக் கரண்டியால் வழித்துத் தின்றான். "நல்ல கூழ்" என்றான். எழுந்து குசினிக்குள் போனான்.

"நிருஷா, இஞ்ச ஒருக்கா வா."

அவள் எழும்பவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை. கமராவை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு அதற்குக் கீழே கதிரையில் இருந்த ஆளைப் பார்த்தாள்.

"கூப்பிடுறான், போவன்" என்றார் ஜெகதீஸ்வரி கெஞ்சலாக. "என்னோட கோவிக்க அவனுக்கு ஏலாது. உன்னோடதான் கோவிப்பான். கொஞ்சத்தில ஆறிடும். நான் இஞ்சதானே இருக்கிறன், பெரிசா ஒண்டும் செய்யான்."

நிருஷா போனாள். பின்னாட்களில் அவளை உலுக்கி எழுப்பப்போவது அடியல்ல, தன் கால்கள் எழுந்து போனவிதம்தான்.

"என்ன சொல்லிக் குடுத்தனி?"

"ஒண்டும் சொல்லேல்லை. அவவுக்குத் தெரியும். கமராவில சத்தமும் கேக்குமாம்."

அவன் ஒரு கணம் அப்படியே நின்றான். கேட்டதை அவன் நம்பினான் என்பது முகத்தில் தெரிந்தது. வெட்கம் அவன் கழுத்திலிருந்து காது வரை ஏறியது. வேறு ஒருவனாக இருந்தால் அந்த வெட்கத்தில் கையைத் தொங்கவிட்டிருப்பான். கஜீவன் கூழ்ச்சட்டிக்குள் கிடந்த அகப்பையை எடுத்தான்.

முதல் அடி காதோடு விழுந்தது. சூடான கூழ் கழுத்தில் வழிந்தது. இரண்டாவது வாயில். பல் உதட்டுக்குள் இறங்கி, பனங்கட்டி இனிப்போடு இரத்தம் நாக்கில் கலந்தது. இம்முறை அவன் அளவாக அடிக்கவில்லை. அகப்பைக் காம்பு முறிந்ததும் கையால் அடித்தான். தலையைப் பிடித்துச் சுவர் ஓட்டில் மோதினான். "அவவுக்குத் தெரியுமாம்! அவவுக்குத் தெரியுமாம்!" அவளுக்கு எந்த அளவும் நினைவுக்கு வரவில்லை. தோளும் இல்லை, கையும் இல்லை. ஹோல் மட்டும்தான் தெரிந்தது, நாலு அடி தூரத்தில், வெளிச்சமாக. அவனுடைய இடுப்பைத் தள்ளிக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தாள். நிலையை வலது கையால் பற்றினாள். உடம்பு ஹோலுக்குள் விழுந்துவிட்டது.

கஜீவன் குசினிக் கதவை அறைந்து சாத்தினான்.

கை நிலையில் இருந்தது. எலும்பு முறிகிற சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த ஈர்க்கு ஒடிகிற அளவுதான். அவள் கத்திய சத்தம்தான் பெரிது. அவன் கதவைத் திறந்தான். திறந்துவிட்டு, ஹோலின் நடுவில், கமராவின் கண்ணுக்கு நேரே, அவளுடைய வயிற்றில் உதைத்தான்.

ஜெகதீஸ்வரி எழும்பினார். "ஐயோ தம்பி!" என்றார். இரண்டு எட்டு வைத்தார். நிருஷா தரையில் கிடந்தபடி அவருடைய கால்களைப் பார்த்தாள், தன் பக்கம் வரும் என்று. கால்கள் அவளைக் கடந்து வாசலுக்குப் போயின. ஜெகதீஸ்வரி காற்றுக்காகத் திறந்திருந்த மரக்கதவைச் சாத்தினார்.

மறு நிமிடம் அந்தக் கதவு இடிபட்டது. இரும்புக் கேட்டுக் கம்பிக்குள்ளால் கூட்டுகிற தும்புத்தடிக் காம்பை விட்டு ஷபீகா இடித்துக்கொண்டிருந்தாள். "தொறங்க! தொறக்கிறயா, நான் மாடி முழுக்கக் கூப்பிடட்டா? கஜீவன்! அந்தப் புள்ள செத்தா நீங்கதான் பொறுப்பு! தொறங்க!"

மேல்மாடியிலும் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. கஜீவன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டான். கதவைத் திறந்தது ஜெகதீஸ்வரிதான். "விழுந்திட்டாள்" என்றார். ஷபீகா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

மூன்றுபேரும் ஒரு ஓட்டோவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நடுவில் நிருஷா. ஷபீகாவின் பழைய சால்வையில் சுற்றிய கை மடியில் கிடந்தது. வழி முழுவதும் ஷபீகா ஓதிக்கொண்டு வந்தாள். விபத்துப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் என்று காவலாளி தடுத்தான்.

"நான் சொந்தம்" என்றார் ஜெகதீஸ்வரி. ஷபீகா வெளியே மரவாங்கில் அமர்ந்தாள். "நான் இங்கதான் ஈக்கேன் புள்ள, எங்கயும் போகல்ல" என்று சத்தமாகச் சொன்னாள்.

உள்ளே மின்விசிறிகள் சூடான காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மூன்று விரல் முறிவு, சுட்டுவிரல் இரண்டு இடத்தில். கத்தரிக்கோல் பிடிக்கிற விரல். நிருஷா அந்தக் கறுப்புப் படத்தைப் பார்த்தாள். வெளுத்த கோடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் அவளுக்கு யாரோ ஒருத்தியுடையவைபோல் இருந்தன. அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. இத்தனை வருடமும் எந்த நேரமும் கூடவே இருந்த பயம் எங்கே போனது என்று தேடினாள். அது முழுவதும் இன்னும் வராத ஒன்றைப் பற்றியதாக இருந்திருக்கிறது. வரவேண்டியது வந்து முடிந்துவிட்டது.

டொக்டர் வர முன்னம் ஜெகதீஸ்வரி கட்டிலருகே குனிந்தார். அவருடைய மூச்சில் ஏலக்காய் மணந்தது.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். எனக்கு இவையோட கதைக்கச் சிங்களம் வராது. நீ கொட்டாஞ்சேனையில படிச்சனி, உனக்குத் தண்ணிபட்டபாடு. குளிக்கிற அறையில வழுக்கி விழுந்து, கை கதவுக்கை நசிஞ்சதெண்டு சொல்லு. அவ்வளவுதான். இல்லாட்டி ஆஸ்பத்திரியிலயே பொலிஸ் வரும். அவனுக்குக் கனடா விசாவுக்குப் போட்டிருக்கிறன். பொலிஸ் ரிப்போர்ட்டில ஒரு கீறல் விழுந்தால் முடிஞ்சுது. உனக்கும் சேர்த்துத்தான் போட்டனான். அங்க வந்தால் அவன் இப்பிடிச் செய்ய ஏலாது, அங்கத்தைச் சட்டம் வேற. நானும் பக்கத்திலேயே இருப்பன்."

நிருஷா அவருடைய முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள். அன்பு இல்லாத முகம் என்று சொல்ல முடியாது. அதுதான் இத்தனை நாளும் அவளை ஏமாற்றியிருந்தது.

"என்ர அம்மாவாணை கேக்கிறன்" என்றார் ஜெகதீஸ்வரி. "அவனுக்கு வேற ஆர் இருக்கினம்?"

டொக்டர் வந்தாள். சின்னப் பெண், நிருஷாவைவிட இளையவள், கழுத்தில் வியர்வை. கையைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தில் கூழ் பட்டுச் சிவந்திருந்ததைப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள். பேனையை எடுத்துக்கொண்டு, "அக்கே, எப்படி நடந்தது?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

ஜெகதீஸ்வரி முந்திக்கொண்டார். "பாத்ரூம்... பாத்ரூம் ஃபோல்" என்றார், தரையைக் காட்டி, வழுக்குவதுபோல் கையைச் சறுக்கிக் காட்டி.

டொக்டர் எழுதவில்லை. நிருஷாவைத்தான் பார்த்தாள். "அப்படியா அக்கே? விழுந்தீங்களா?"

ஜெகதீஸ்வரியின் கை நிருஷாவின் இடது தோளில் வந்து அமர்ந்து, மெல்ல அழுத்தியது. "ஓமெண்டு சொல்லு பிள்ளை" என்றார் காதுக்குள். "ஒரு சொல்லுத்தானே."

நிருஷா தோளை விலக்கிக்கொண்டாள். கை அந்தரத்தில் நின்றது. அவள் மச்சாளின் பக்கம் திரும்பி, முதலில் தமிழில், டொக்டருக்குக் கேட்டும் கேட்காத அளவில் சொன்னாள்.

"ஏலாது மச்சாள்."

பிறகு டொக்டரின் பேனையைப் பார்த்துக்கொண்டு, சிங்களத்தில், "இல்லை, நான் விழவில்லை" என்றாள்.